பெயருக்குக் கீழே வந்த நேரம்

2025 ஜூலை 5, சனி

வகுப்பில் இன்று பதினொரு பேர். கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மேல்மாடி, தகரக் கூரை, ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் என் பக்கம் திரும்பாது. இருந்தாலும் நல்ல வகுப்பு. இணையத்தளம் ஒன்றைத் திறந்ததும் கண் எங்கே முதலில் போகிறது என்பதுதான் பாடம். எல்லா எழுத்தையும் பெரிதாகப் போட்டால் எதுவுமே பெரிதில்லை, கல்யாண வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் மைக்கைப் பிடித்த மாதிரி என்றேன். சிரித்தார்கள். காரைதீவுப் பிள்ளை கிருசிகா கேட்டாள், "அப்ப எத மிஸ் பெருசாப் போடுற?"

"வாற ஆள் எதைத் தேடி வாறாரோ, அதை."

நல்ல பதில். பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

நான் செய்துகொடுத்த பள்ளிவாசல் இணையத்தளம் திங்கட்கிழமை வெளிவருகிறது. செயலாளர் றுமைஸ் காக்கா இன்றைக்கும் மூன்று தரம் அழைத்துவிட்டார். ஓடுகிற எழுத்து வேண்டுமாம், பச்சையில். இறந்தவர்களுக்குப் போடும் ஜனாஸா அறிவித்தலின் நான்கு மூலையிலும் ரோசாப்பூ வேண்டுமாம். ஏலாது என்றேன். மௌத்து வீட்டுச் செய்தியைக் கல்யாணக் கார்ட் மாதிரிப் போடுகிற பழக்கத்தை இந்த ஊரில் யாராவது ஒருவர் நிறுத்த வேண்டும். அது நானாக இருக்கட்டும்.

ஜூலை 7, திங்கள்

வெளியிட்டாயிற்று. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு றுமைஸ் காக்கா ஒலிபெருக்கியில் அறிவித்தார். போன மாதம் யாரோ வட்ஸ்அப்பில் ஒரு ஜனாஸாவின் நேரத்தைப் பிழையாக எழுதி அனுப்ப, அரைவாசி ஊர் இரண்டு மணித்தியாலம் முன்னதாகவே அடக்கம் செய்கிற மையவாடியில் போய் நின்றது. அதனால் இப்போது சட்டம்: "இனி ஆரும் ஜனாஸா நேரத்த எழுதி அனுப்பப்படாது. நம்மட வெப்சைட் லிங்க மட்டும் அனுப்புங்க. அதில இரிக்கிறதுதான் சரி." செய்தது இன்னார் என்று என் பெயரையும் சொன்னார். வீட்டுக்குள் இருந்து கேட்டேன். பக்கத்து வீட்டு ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தா.

வடிவாகத்தான் வந்திருக்கிறது. நிறைய வெள்ளை. மௌத்தானவரின் பெயர் மட்டும் கறுப்பில், பெரிதாக. மற்ற விபரமெல்லாம் மெல்லிய சாம்பலில், சின்ன எழுத்தில், அடக்கமாக. வலது பக்கம் தள்ளி ஒரு பச்சைப் பெட்டி: அன்றைக்குப் பள்ளிவாசலில் என்ன விசேடம், எத்தனை மணிக்கு. அந்தப் பச்சை மட்டும் றுமைஸ் காக்காவுக்கு விட்டுக்கொடுத்தது.

எங்கள் நிறுவனத்தில் நெட்வேர்க் படிப்பிக்கும் பவிதரன் மாத்திரம் ஒரு குறை சொன்னார். பாண்டிருப்பு ஆள், தளத்தை இணையத்தில் ஏற்றித் தந்தது அவர்தான். "வடிவுதான் மிஸ். ஆனா இந்தச் சாம்பல் எழுத்து வெயிலுக்க நிண்டு பாத்தாத் தெரியாது."

"நிழலில நிண்டு பாக்கச் சொல்லுங்க" என்றேன். அவரும் சிரித்தார். திரை வெடித்த போன் வைத்திருக்கிற மனிசன், அவருக்கு நிறத்தைப் பற்றி என்ன தெரியும்?

ஜூலை 10, வியாழன்

முதல் ஜனாஸா அறிவித்தல். ஒரு பிழையும் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். மௌத்துச் செய்தியில் பார்வையாளர் எண்ணிக்கையை எண்ணிச் சந்தோசப்பட்டதற்கு அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஜூலை 16, புதன், காலை

விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அடுத்த தெரு ஆதம்லெவ்வைக் காக்கா மௌத்து. அறுபத்தெட்டு வயது. நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிந்துவிட்டது. இன்னா லில்லாஹி. றுமைஸ் காக்கா அனுப்பிய விபரத்தை ஏழு பத்துக்குப் போட்டுவிட்டேன்: லுஹர் தொழுகையோடு ஜனாஸாத் தொழுகை, உடனே அடக்கம். பச்சைப் பெட்டிக்கும் இன்று முதல் தடவையாக ஒரு வேலை வந்தது. பின்னேர அஸர் தொழுகைக்குப் பின் மத்ரஸாக் கட்டடக் கூட்டமாம். அதையும் போட்டேன்.

ஜூலை 16, மாலை, மஃரிபுக்கு முன்

நடந்ததை நடந்தபடி, ஒழுங்காக எழுத வேண்டும்.

என் கணவர் மசூர் மையவாடியிலிருந்து ஒன்றரைக்கு வந்தார். வந்ததும் வராததுமாக என்னிடம் போனை நீட்டினார். "இஞ்ச, இதென்ன அஸரெண்டு இரிக்கி?"

பார்த்தேன். ஆதம்லெவ்வைக் காக்காவின் பெயர், கறுப்பில், பெரிதாக. அதற்கு நேர் கீழே பச்சையில், அதே அளவு பெரிதாக: 'இன்று அஸர் தொழுகையின் பின், 3.45, பள்ளிவாசலில்.' அது கூட்டத்துக்கான நேரம் என்பது அடியில் சாம்பலில், எறும்பு ஊர்ந்த மாதிரி. அதற்கும் கீழே, விரலால் தள்ளிக்கொண்டு போனால்தான், லுஹர். அதுவும் சாம்பல்.

என் கணினித் திரை அகலம். அதில் பச்சைப் பெட்டி வலது பக்கம் தன் பாட்டில் இருக்கிறது. போனின் திரை ஒடுக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடமில்லாமல் பெட்டி இறங்கி வந்து பெயருக்குக் கீழே குந்திவிட்டது. வெளியிட முன் போனிலும் பார்த்தேன்தான் – பெட்டி வெறுமையாக இருந்தபோது. வெறும் பெட்டி கண்ணுக்குத் தெரியாது. இந்த ஊரில் ஜனாஸா அறிவித்தலைக் கணினியில் பார்க்கிறவர் எத்தனை பேர்? ஒரே ஒரு ஆள். நான்.

இருபது நிமிடத்தில் திருத்தினேன். லுஹரைப் பெயருக்குக் கீழே கறுப்பில் போட்டேன், பெட்டியை அடிக்கு அனுப்பினேன். இரண்டு மணிக்கு எல்லாம் சரி. ஊரார் எல்லாரும் ஒலிபெருக்கியில் கேட்டு நேரத்துக்குப் போய்விட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்று நினைத்தேன். மசூரிடம், "உங்கட போன் பழசு, அதான் அப்படிக் காட்டுது" என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

மசூர் அஸர் தொழுதுவிட்டு வந்து சொன்னது:

ஆதம்லெவ்வைக் காக்காவின் தம்பி ஸலாஹுதீன் மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாராம். இறக்காமத்தில் கல்யாணம் முடித்து, பெண் வீட்டோடு அங்கேயே இருந்து வயல் செய்கிறவர். மூத்தவரும் இளையவரும் பதினொரு வருடமாகக் கதைப்பதில்லை. வாய்க்கால் தண்ணீரில் தொடங்கிய சண்டை, ஊருக்கே தெரியும். அதனால் வீட்டார் ஒருவரும் அவருக்கு அழைக்கவில்லை. யாரோ சட்டப்படி லிங்கை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள்.

லுஹரில், ஜனாஸாத் தொழுகைக்கு முன், ஆதம்லெவ்வைக் காக்காவின் மருமகன் வழக்கம்போல எழும்பிக் கேட்டிருக்கிறார்: "மாமா ஆருக்கும் ஏதும் அநியாயம் செஞ்சிருந்தா, அல்லாவுக்காகப் பொருந்திக்கங்க, மன்னிச்சிக்கங்க." பொருந்திட்டோம் என்று எல்லாரும் சொன்னார்களாம். சொல்லிக்கொண்டே எல்லாரும் வாசலைப் பார்த்தார்களாம். முதலில் பொருந்த வேண்டிய ஆளைக் காணவில்லை.

மூன்று மணிக்குத்தான் அந்த ஆள் வந்தார். வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி. மௌத்து வீட்டில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "அடக்கி முடிஞ்ச மறுகா வந்து ஆருக்குக் காட்டுறாய்?" என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். "இதில அஸரெண்டுதானே இரிக்கி" என்று ஸலாஹுதீன் போனைத் திறந்து நீட்டினாராம். நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்களாம்.

அதில் லுஹர் என்று இருந்தது. பெயருக்கு நேர் கீழே, கறுப்பில், வெயிலிலும் தெரிகிற மாதிரி. நான்தான் போட்டேன்.

யாரோ சிரித்தார்களாம். "வெப்சைட்டில பிழ வராது" என்றாராம் றுமைஸ் காக்கா. ஸலாஹுதீன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

சொல்லி முடித்து மசூர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ட போன் பழசெண்டுதானே சொன்னாய்?"

நான் உலை வைக்கப் போய்விட்டேன்.

ஜூலை 17, வியாழன்

சொல்லவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த ஊர் முழுக்க இதே கதைதான். பக்கத்து வீட்டு ராத்தா மதிலோடு நின்று சொல்கிறா: "செத்த மையத்தோடயும் பகையாம். பொருந்தப் படாதெண்டுதான் வேணுமெண்டு பிந்தி வந்திரிக்கான். அதுக்கு வெப்சைட்டில பழிய வேற போடுறான். நல்ல காலம், அதில சரியாப் போட்டிரிந்தயாம்."

நல்ல காலமாம்.

நான் வேண்டுமென்றா செய்தேன்? ஒருத்தருக்காவது அழைத்துக் கேட்டிருக்கலாமே அவர். விரலால் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்திருக்கலாமே. சின்ன எழுத்தென்றாலும் எழுத்துத்தானே. – இல்லை. மௌத்துச் செய்தி பார்க்கிறவன் புத்தகம் வாசிக்கிற மாதிரியா வாசிப்பான்? பெயரைப் பார்ப்பான், நேரத்தைப் பார்ப்பான், எழும்பிச் சட்டையைப் போடுவான். இது தெரியாமலா ஆறு வருடமாகப் படிப்பிக்கிறேன்?

பிழை விட்டது ஒன்று. திருத்தியது இரண்டாவது. திருத்தினதை மறைத்ததுதான் அந்த மனிசனைப் பொய்யனாக்கியது. பிழையை அப்படியே விட்டிருந்தாலாவது அவர் மானம் தப்பியிருக்கும்.

ஜூலை 19, சனி

பாடத்திட்டத்தின்படி இன்று 'அண்மை'. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கண் ஒன்றாகச் சேர்த்துத்தான் பார்க்கும். சம்பந்தமில்லாததைத் தள்ளி வை. இவ்வளவுதான் பாடம். பலகையில் தலைப்பை எழுதினேன், அழித்தேன், நிறங்களைப் பற்றிப் படிப்பித்தேன்.

வகுப்பு முடிந்து பவிதரன் தேத்தண்ணியோடு வந்தார். "பள்ளி வெப்சைட்ட மாத்திட்டீங்க போல. இப்ப நல்லா இருக்கு மிஸ்."

"அது முந்தியே மாத்தினது."

"முந்தியா? புதன் பத்து மணிக்கு நான் பாக்கக்குள்ள பழசுதானே இருந்தது."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு ஊர்க் கதை தெரிந்திருக்காது. ஆனால் நான் பொய் சொன்னேன் என்பது தெரிந்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

மௌத்து வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அயலார் எல்லாரும் முறை வைத்துக் கொடுக்கிறோம், இன்று எங்கள் முறை. போகாமல் விட வழியில்லை.

ஆதம்லெவ்வைக் காக்காவின் மனைவி ஹாஜறா உம்மா விதவைக் காலமான இத்தாவில் இருக்கிறா. உள் அறையில், வெள்ளைப் புடவையோடு. நான் ஸலாம் சொல்லி இருந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டா.

"நீதானே புள்ள அந்த அறிவித்தலப் போட்ட? வடிவாப் போட்டிரிந்தயாமே."

என் உயிர் போனது.

மறுகா அவவே சொன்னா, அழாமல், கூரையைப் பார்த்துக்கொண்டு: "அவரு நோம்பில ஒரு நாள் சொன்னாரு, தம்பியக் கூப்பிட்டுக் கதைக்கணுமெண்டு. கூப்பிடல்ல. அவனும் வரல்ல. ஆயிரம் பேர் பொருந்தி என்ன புள்ள, அவன் பொருந்தல்லயே. கபுறுக் குழிக்குள்ள அவரு என்ன செய்றாரோ."

சொல்லியிருக்கலாம். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். கை அவவுடைய கைக்குள். வாயைத் திறந்தால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கறிக்கு உப்புக் கொஞ்சம் கூடவோ தெரியா" என்றேன்.

சீ.

ஜூலை 22, செவ்வாய்

இன்று ஒரு அறிவித்தல் எழுதினேன். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாகக் கடந்த 16ஆம் திகதி அறிவித்தலில் சில பாவனையாளர்களுக்கு நேரம் தெளிவின்றிக் காணப்பட்டிருக்கலாம். அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.' பக்கத்தின் அடியில் போட்டுப் பார்த்தேன். போட்டு முடித்த பிறகுதான் கண்டேன். சின்ன எழுத்து. மெல்லிய சாம்பல். யாரும் சொல்லித்தரவில்லை, கை தானாகவே அந்த நிறத்தைத்தான் எடுத்திருக்கிறது.

கோளாறாம். பாவனையாளர்களாம். வருந்துகிறோமாம் – எத்தனை பேர் வருந்துகிறோம்? நான் ஒருத்திதானே.

அழித்தேன்.

ஜூலை 24, வியாழன்

மசூரிடம் சொன்னேன். முழுவதும்.

"எனக்குத் தெரியும்" என்றார். "நீயாச் சொல்லுவாயெண்டு பாத்துட்டிரிந்தன்."

எட்டு நாள் எனக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

பவிதரனுக்கும் அழைத்துச் சொன்னேன். அவர் சேவரில் நாளாந்தம் காலை பத்துக்கு எடுத்து வைக்கிற பிரதியிலிருந்து பழைய பக்கத்தை அப்படியே அனுப்பினார். கூட ஒரு வசனமும் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

இறக்காமம் போய் வந்தோம்.

சம்மாந்துறை தாண்டியதும் திரும்பிப் போவோம் என்று இரண்டு தரம் சொன்னேன். மசூர் காது கேளாதவர் மாதிரி வண்டியை ஓட்டினார். ஸலாஹுதீன் வீட்டில் இருந்தார். நான் நினைத்ததைவிட மெலிந்த மனிசன். இரவு வயலில் யானைக் காவலுக்குப் போய் வந்து முழித்த கண். நான் யார் என்று மசூர் சொன்னதும் அவர் மனைவி தேத்தண்ணி வைக்கப் போனா. அவர் கதிரையை இழுத்துப் போட்டார்.

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் பழைய பக்கம், மற்றதில் நான் திருத்தியது. "காக்கா, நீங்க பாத்தது இது. நீங்க பாத்தது சரி. பகல் ரெண்டு மணிக்கு நான்தான் மாத்தினன். மாத்தினதை ஆருக்கும் சொல்லல்ல. அதால உங்களப் பொய்யனெண்டு ஆக்கிட்டன்."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனங்கள்.

அவர் பழைய பக்கத்தைக் கையில் எடுத்தார். கிட்ட வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார். வெகுநேரம்.

"அப்ப என்ட கண் சரிதான்" என்றார்.

நான் விளங்காமல் பார்த்தேன்.

"அடுத்த நாளே அம்பாறைக்குப் போய்க் கண்ணக் காட்டினன். டொக்டர் ஒரு குறையுமில்லெண்டாரு. அப்பதான் எனக்குப் பயம் வந்த. கண்ணில குறையில்லாட்டி மனசிலதானே குறை? கூடப் பொறந்த காக்காவோட இரிந்த கோவம்தான் என்ன அப்படி வாசிக்க வெச்சதோ எண்டு யோசிச்சிட்டே இரிந்தன் தங்கச்சி. பத்து நாளா. நான் பொருந்தத்தான் வந்த. வழியெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் வந்த."

அவர் மனைவி தேத்தண்ணியோடு வாசலில் நின்றுவிட்டா. மசூர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவர் போனை என்னிடம் திருப்பித் தந்தார். "முதல்ல மதினிக்குச் சொல்லுங்க. என்ட கதை பொறகு பாப்பம்."

மாட்டேன் என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. சரிதானே. எனக்கு இறக்காமம் போய் அழுதுவிட்டு லேசாகத் திரும்பிவர வேண்டும் போல இருந்திருக்கிறது. அவர் அதற்கு விடவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

ஹாஜறா உம்மாவிடம் சொன்னேன். அவ என் கையைப் பிடிக்க முன்னமே சொன்னேன், பிடித்தபின் சொல்ல எனக்குத் தைரியம் வராது. அவ போனையெல்லாம் பார்க்கவில்லை. ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டா: "அவன் பொருந்தத்தான் வந்தானா? அவன்ட வாயாலச் சொன்னானா?"

"சொன்னாரு உம்மா, நான் இஞ்ச வாறனெண்டு அறிஞ்சு அவரும் வந்து வெளியில நிக்கிறாரு."

இத்தாவில் இருப்பதால் அவ ஆண்களுக்கு முன் வரமாட்டா. மருமகன்தான் ஸலாஹுதீனை அறை வாசல் வரைக்கும் கூட்டி வந்தார். இடையில் ஒரு திரைச்சீலை. அதற்குக் கீழே அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன, நகத்தில் வயல் சேறு.

"மதினி."

ஹாஜறா உம்மா நிமிர்ந்து இருந்தா.

"நான் காக்காவப் பொருந்திட்டன் மதினி. அல்லாவுக்காகப் பொருந்திட்டன். அவரும் என்னப் பொருந்தியிரிப்பாரு."

அவ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. திரைக்கு அந்தப் பக்கமும் அழுகைச் சத்தம் கேட்டது. நடுவில் நான். இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாதவள், இரண்டு பக்கத்தையும் பதின்மூன்று நாள் வதைத்தவள். எழும்பிப் போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஜூலை 31, வியாழன்

றுமைஸ் காக்காவிடம் கேட்டேன், ஜும்ஆவில் அறிவிக்கச் சொல்லி. முகம் கறுத்துவிட்டது.

"குடும்பம் சேந்திட்டுதானே, அல்ஹம்துலில்லாஹ். இத ஏன் ஊருக்குச் சொல்லுற? நாளைக்கு ஆரு அந்த வெப்சைட்ட நம்புவான்? பள்ளிக்கு மானக்கேடு."

"அவரச் சிரிச்சது ஊர்தானே காக்கா. பள்ளிக்கு வாற ஆக்கள்தானே."

"அதெல்லாம் போகப் போக மறந்திடுவாங்க."

ஊர் எதை மறந்தது? பதினொரு வருடத்து வாய்க்காலையே மறக்கவில்லை.

ஓகஸ்ட் 1, வெள்ளி

பதினொரு மணிக்கு நானே போட்டேன். பக்கத்தில் வேறு ஒன்றையும் விடவில்லை. பச்சைப் பெட்டி இல்லை, சாம்பல் இல்லை. வெள்ளையில் கறுப்பு. போனில் பார்த்தேன். மசூரின் பழைய போனிலும் பார்த்தேன், வெயிலுக்குள் நின்று.

'மர்ஹூம் ஆதம்லெவ்வையின் ஜனாஸா அறிவித்தலில் அஸர் நேரம் தெரியும்படி வடிவமைத்தவள் நான். அதைப் பார்த்து வந்த ஸலாஹுதீன் சொன்னது உண்மை. அவர் வருவதற்குள் அதை இரகசியமாக மாற்றியவளும் நான். அவர் பொய் சொல்லவில்லை. நான் சொன்னேன்.'

அடியில் என் முழுப் பெயர். பெயரைச் சின்னதாகப் போடலாமா என்று ஒரு கணம் கை நின்றது. அதே அளவில் போட்டேன்.

ஓகஸ்ட் 2, சனி

நேற்று ஒன்றரைக்குள் றுமைஸ் காக்கா அதைத் தூக்கிவிட்டார். கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டார். இனி அந்தத் தளம் எனக்கு இல்லை. அவருடைய மச்சினன் பார்ப்பாராம். இதற்கிடையில் யாரோ அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் விட, அது அக்கரைப்பற்று வரைக்கும் போய்விட்டதாம். எதை ஒழிக்க இந்தத் தளத்தைச் செய்தோமோ அதுவே ஸலாஹுதீனுக்கு நியாயம் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

வகுப்பில் இன்று எட்டுப் பேர். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. பலகையில் 'அண்மை' என்று எழுதினேன். பழைய பக்கத்தைத் திரையில் காட்டி, "இதில என்ன பிழை?" என்று கேட்டேன். எல்லாருக்கும் தெரியும், மரியாதைக்குச் சும்மா இருந்தார்கள். கடைசியில் கிருசிகாதான் எழும்பினாள். "பேருக்குப் பக்கத்தில வேற ஒண்டுட நேரம் வந்து நிக்குது மிஸ்."

"செஞ்சவ ஏன் அதைக் காணல்ல?"

அவள் யோசித்தாள். "தன்ட திரையில மட்டும் பாத்திருக்கிறா."

முழு மதிப்பெண்.

ஓகஸ்ட் 20, புதன்

எனக்குப் பட்டப் பெயர் வந்துவிட்டது. 'அஸர் மிஸ்.' மீன்கடையில் இரண்டு பெடியன்கள் எனக்குக் கேட்கத்தான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன், பொய் எதற்கு. மசூர் சொல்கிறார், இந்த ஊரில் பட்டப் பெயர் மூன்று தலைமுறைக்கு நிற்குமாம். ஆறுதல் சொல்கிற விதம் அவருக்கு.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஸலாஹுதீன் போன வெள்ளி இங்கே வந்து ஜும்ஆ தொழுதாராம். பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பி வந்து கை கொடுத்தார்களாம். தண்ணீருக்குச் சண்டை பிடித்த அந்த வயலை இப்போது அவரும் மூத்தவரின் மருமகனும் சேர்ந்து செய்யப் போகிறார்களாம்.

எனக்கு ஒரு செய்தியும் இல்லை. எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனாலும் தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பிப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

காலை எட்டே முக்கால். தெரியாத இலக்கம்.

"தங்கச்சி, நான் இறக்காமத்திலரிந்து ஸலாஹுதீன்."

நான் எழும்பி நின்றுவிட்டேன்.

"நம்மட பள்ளிப் பழைய மரைக்கார் மௌத்தாம். லிங்க் வந்திரிக்கி. லுஹரெண்டு போட்டிரிக்கி."

"காக்கா, அது இப்ப என்ட கையில இல்ல. வேற ஆள்தான் போடுற."

"தெரியும். அதுக்குத்தான் எடுத்த. நீங்க ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்களன். உங்கட வாயாலக் கேட்டாத்தான் எனக்கு வெளிக்கிட மனம் வரும்."

வைத்துவிட்டார். நான் மரைக்கார் வீட்டுக்கு அழைத்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. மௌத்து வீட்டில் யார் எடுப்பார்கள்? அபாயாவைப் போட்டுக்கொண்டு நடந்தே போனேன். வாசலில் நின்ற மகனிடம் கேட்டேன். ஒரு தரமல்ல, இரண்டு தரம். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார், முகத்தில் தெரிந்தது. இரண்டு தரமும் பொறுமையாகச் சொன்னார்.

தெருவில் நின்றே அழைத்தேன். "லுஹர்தான் காக்கா. பதினொண்டரைக்கு வீட்டிலரிந்து மையத்த எடுக்கிறாங்க. மகன்ட வாயாலக் கேட்டுட்டுத்தான் சொல்றன். இப்பவே வெளிக்கிடுங்க."

"சரி தங்கச்சி" என்றார். அவ்வளவுதான்.

பத்தே முக்காலுக்கு எங்கள் தெருவால் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. எங்கள் வாசற் படலைக்கு நேரே வந்ததும் மெதுவாகி, ஒரு தரம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது.